வெள்ளைத் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை

எங்கள் தொழிற்சாலை கன்ரீனில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். நடுவில் ஜப்பானில் இருந்து வந்த பெரியவர், அவருக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளைக்கார மனேஜர், சுற்றிவர நீலத் தொப்பி போட்ட நாங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். நான் கடைசி வரிசையில் ஒருவருடைய தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்கிறேன். யார் படம் எடுத்தாலும் அப்படி நிற்பதுதான் என் வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் இப்போது நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் உரத்துப் பேசாதவன். கடையில் மிச்சக் காசு பிழையாகத் தந்தால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவேன். ஆனால் இந்தக் கோபம் அப்படி உள்ளே போட்டு வைக்கிற அளவில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது கார்பன் பிரஷ். பிரஷ் என்றதும் பல் விளக்குவதை நினைக்கவேண்டாம். மின்சார மோட்டருக்குள் சுழலுகிற பாகத்தோடு உரசிக்கொண்டு நின்று அதற்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கறுப்புக் கட்டி அது. லிப்டில் இருக்கும், ரயிலில் இருக்கும், துளை போடுகிற டிரில்லில் இருக்கும். உரசித் தேய்ந்து போவதற்காகவே செய்கிற சாமான். கார்பன் ஜப்பானில் இருந்து பெரிய பாளமாக வரும். அங்கே இவர்களுக்கு நிலக்கரித் தாரைக் காய்ச்ச ஒரு கம்பனி, அதில் இருந்து வருகிற கரியைச் சூளையில் சுட ஒரு கம்பனி, ரசாயனத்துக்கு ஒன்று, மெஷின் செய்ய ஒன்று என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நாங்கள் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. பாளத்தை வெட்டி, அளவுக்கு அரைத்து, வயர் பூட்டி, பெட்டியில் போட்டு அனுப்புகிறோம்.

லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த இடம் முந்தி ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் விற்க, ஜப்பான்காரர் வாங்கினார்கள். வாசல் போர்டு மாறியது. தொப்பி வந்தது. காலையில் வேலை தொடங்க முன் எல்லாரும் வரிசையில் நின்று கையைக் காலை நீட்டி மடக்குகிற உடற்பயிற்சி வந்தது. வயிறு வைத்த யாழ்ப்பாணத்து ஆட்கள் ஜப்பான் பாட்டுக்குக் குனிந்து நிமிருவதைப் பார்க்கவேண்டும். கூரைக்குள் போகிற தூசிக் குழாய் மட்டும் மாறவில்லை. அது பழைய முதலாளி போட்டது. பெயர்தான் எக்ஸ்ட்ராக்டர். குசினியில் அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற ஃபான் அதைவிட நன்றாக இழுக்கும்.

அரைக்கிற அறையில் நானும் அண்ணையும் எதிரெதிர் மெஷினில் நின்றோம். சொந்த அண்ணன் இல்லை. என்னைவிட மூத்தவர், எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த அறைக்கு வந்த நாளில் இருந்து எனக்கும் சேர்த்து அவர்தான் பேசினார். எனக்கு லீவு வேண்டுமென்றால் அவர் கேட்பார். என் சப்பாத்து கிழிந்தால் அவர் போய்ப் புதுச் சப்பாத்து வாங்கி வருவார். "இவர் வாயை ஊரில வைச்சிட்டு வந்தவர், நான் டிரான்ஸ்லேட் பண்ணுறன்" என்று மனேஜரிடம் சொல்வார். மனேஜர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கரித்தூள் மாவைவிட மெல்லியது. முகமூடி தந்திருந்தார்கள், போட்டோம். அதையும் தாண்டிப் போகும். குளித்துவிட்டுப் படுத்தாலும் காலையில் தலையணை உறையில் என் காது கறுப்பாகப் பதிந்திருக்கும். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நான் இருப்பதில்லை, சீற் கறுத்துப்போகும் என்று நின்றுகொண்டே வருவேன். எனக்குத் தோலில் இருந்தது, அண்ணைக்கு நெஞ்சுக்குள் போய்விட்டது. முதலில் காலையில் மட்டும் இருமினார். பிறகு படி ஏறும்போது. பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திக் கையைக் காட்டுவார், பொறு என்று. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: ஒன்றில் அந்தத் தூசி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை நிற்கவேண்டும்.

"வேலையை விட்டிட்டு என்ன செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். "வீட்டில இருந்தா மனுசி என்னையும் சேர்த்துத் தூசி தட்டுவா."

பகிடியாகச் சொன்னாலும் அவருக்கு அந்த வேலை வேண்டும். பென்ஷனுக்கு இன்னும் காலம் இருந்தது. இந்த வயதில் இந்த நெஞ்சோடு வேறு யார் எடுப்பார்கள்?

ஒருநாள் காலைக் கூட்டத்தில் கை உயர்த்தி, புது எக்ஸ்ட்ராக்டர் வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். மனேஜர் மறுக்கவில்லை. அவ்வளவு பெரிய செலவுக்கு ஜப்பான்தான் சம்மதிக்கவேண்டும் என்றார். அவர்கள் அறிக்கையை வைத்து முடிவெடுக்கமாட்டார்கள், ஒரு பெரியவர் நேரில் வந்து, வேலை நடக்கிற இடத்தில் நின்று, கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுப்பார், அது அவர்களுடைய முறை என்றார்.

எனக்கு அந்த முறை நிரம்பப் பிடித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதித் தா என்றால் என்னால் ஏலாது. வந்து பார்க்கிறவனுக்கு எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த அறைக்குள் வந்து மூச்சு எடுத்தால் போதும். அண்ணைக்கு எக்ஸ்ட்ராக்டர் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் சூப்பர்வைசரும் தமிழர். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், அதனால் அவருக்குப் பட்டப்பெயர் ஜெர்மன்காரர். எதைப் பார்த்தாலும் "ஜெர்மனியில இப்பிடி இல்லை" என்று தொடங்குவார். கெட்ட மனுசன் இல்லை. ஜப்பான்காரர் வருகிற செய்தி வந்ததும் அவர் வரிசையாக எல்லா மெஷினுக்கும் போனார்.

"ஐசே, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாறியள். ஓவர்டைம் இல்லை. சாப்பாடு இருக்கு."

"என்னத்துக்கு?" என்று அண்ணை கேட்டார்.

"என்னத்துக்கோ? அவ்வளவு தூரத்தில இருந்து மனுசன் வாறார். இந்த ஊத்தைக்குள்ளயோ கூட்டிக்கொண்டு வாறது? நாளைக்குத் தமிழர் நிக்கிற இடம் எல்லாம் இப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். ஜெர்மனியில எண்டா..."

"ஓமோம், விளங்குது, விளங்குது. வாறம்" என்றார் அண்ணை.

வந்தோம். ஒருவர்கூட மிச்சமில்லாமல் வந்தோம். வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி ஒரு சந்தோசம். ஒருவருடைய மனைவி மட்டன் ரோல்ஸ் அனுப்பியிருந்தார். போனில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிலத்தைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். ஜன்னலைத் துடைத்தபோது அதற்கு வெளியே ஒரு மரம் நிற்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணை தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். மெஷினுக்கு மேலே தொங்குகிற எக்ஸ்ட்ராக்டரின் தகரக் கூட்டுக்கு ஏணியைச் சாய்த்து ஏறினார்.

"இறங்குங்கோ அண்ணை, நான் ஏறுறன்" என்றேன்.

"நீ ஏணியைப் பிடி. என்ர மெஷினை நான்தான் துடைப்பன்."

கூட்டின் மேல் விளிம்பில் விரல் தடிப்புக்குத் தூசி படிந்திருந்தது. அந்தக் குழாய் எதையும் இழுக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அண்ணை அதை வேட்டித் துணியால் வழித்து வழித்து வாளியில் போட்டார். நடுநடுவே ஏணியில் நின்றபடி இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடி துடைத்தார். கடைசியில் தகரம் பளபளவென்று வந்தது. கீழே இறங்கி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு அண்ணை" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. எங்களில் ஒருவருக்கும், ஒரே ஒருவருக்கும்கூட, நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைக்கவில்லை.

பின்நேரம் மனேஜர் வந்து வாசலில் நின்றார். பிள்ளையைப் பந்து விளையாடக் கூட்டிக்கொண்டு போகிற வழியாம். உள்ளே எட்டிப் பார்த்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டி, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு உறைக்காததை நான் விளங்கிக்கொள்கிறேன். எங்கள் வீடுகளில் ஆட்கள் வருகிறார்கள் என்றால் கட்டிலுக்குக் கீழே தள்ளக்கூடியதை எல்லாம் தள்ளித்தான் பழக்கம். அந்த மனுசன் அப்படி வளர்ந்தவர் இல்லை. தூசியைப் பார்க்க ஆள் வரப்போகிறது, இவர்கள் தூசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க ஏலாது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பெருவிரலைக் காட்டினார்.

அடுத்த நாள் காலை ஜெர்மன்காரர் அரைக்கிற அறைக்கு வந்து, பெரியவர் பார்த்துவிட்டுப் போகும்வரைக்கும் மெஷினைப் பலமாக ஓட்டவேண்டாம், ஒரு கட்டியை மெதுவாகப் போட்டுக் காட்டினால் போதும் என்றார். பெரியவர் வந்தார். மெலிந்த மனுசன். எங்களைப் போலவே தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார். கூடவே ஒரு பெண் மொழிபெயர்க்க வந்தார். பெரியவர் யாருடைய பேச்சையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேரே மெஷினுக்கு வந்தார், குனிந்து கீழே பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு பொக்கெற்றில் இருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் ஏறி எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் மேல் விளிம்பில் நீளத்துக்கு ஒரு இழுவை இழுத்தார்.

துணியைத் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். வெள்ளை. ஒன்றும் ஒட்டவில்லை.

அவர் அண்ணைக்கு முன்னால் வந்து தலைகுனிந்து வணக்கம் சொன்னார். இந்தத் தொழிலில் எத்தனையோ இடங்கள் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை என்று சொல்கிறார் என்றார் அந்தப் பெண். பிறகு பெரியவர் அந்தப் பெண் வழியாகக் கேட்டார்: மூச்சு எடுக்க ஏதாவது கஷ்டம் இருக்கிறதா?

நான் அண்ணையைப் பார்த்தேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் இருமவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் தண்ணீர் வைத்தது, முகம் கறுத்துச் சிவந்தது. இவ்வளவு மரியாதை செய்த ஒருவருடைய முகத்துக்கு முன்னால் இருமுவது எப்படி? "நோ சேர், குட்" என்று மூச்சு இல்லாமல் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனேஜர் அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு அடுத்த அறையைக் காட்டினார், எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள். கதவு சாத்தியதும் அண்ணை மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமத் தொடங்கினார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் அந்தப் படம் எடுத்தார்கள்.

முடிவு கொஞ்ச நாளில் வந்தது. உடற்பயிற்சி முடிந்து நின்றபோது மனேஜர் வாசித்தார். தொழிலாளர்களின் அக்கறையால் இடம் மிகத் திருப்தியாக இருக்கிறது, இப்போதுள்ள எக்ஸ்ட்ராக்டர் போதும், நன்றி. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணையும் தட்டினார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஜெர்மன்காரரிடம் போனேன். நானாகப் போய் அவரிடம் கதைத்தது அதுதான் முதல்.

"நாங்கள் துடைச்சிருக்கக்கூடாது" என்றேன்.

அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன?"

"தூசியைப் பார்க்க வந்தவருக்குத் தூசியைக் காட்டேல்லை நாங்கள்."

"ஐசே, அதுக்கு ஊத்தையாக் கிடக்கவிடுறதோ? எங்கட மானம் என்னாகிறது? பார்த்தீர்தானே, அந்த மனுசன் எவ்வளவு மரியாதையாக் குனிஞ்சவர்."

மானம். அண்ணையின் நெஞ்சுக்குள் இருப்பதை எந்த வேட்டித் துணியால் துடைக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

குளிர் தொடங்க அண்ணை சிக் லீவில் போனார். நான் ஒரு சனிக்கிழமை நோர்பரியில் இருக்கிற அவருடைய வீட்டுக்குப் போனேன். வருகிறேன் என்று முதலே போன் பண்ணியிருந்தேன். வீடு மினுங்கியது. அண்ணை இஸ்திரி போட்ட சேர்ட்டோடு சோபாவில் நிமிர்ந்து இருந்தார். அவருடைய மனைவி வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்.

"நல்ல சுகம் இப்ப" என்றார் அக்கா. "சும்மா ரெஸ்ட்தான் எடுக்கிறார்."

அண்ணை தலையாட்டினார். ஆட்டினாரே தவிரப் பேசவில்லை. பேசினால் மூச்சு போதாது என்று எனக்குத் தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால் திரைச்சீலை நிலத்தில் படாமல் எதன்மேலோ தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழால் ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டியிருந்தது.

"அக்கா, அதை எடுங்கோ" என்றேன்.

"எதை?"

"திரைச்சீலைக்குப் பின்னால இருக்கிறதை."

அக்கா என்னைப் பார்க்காமல் தட்டைத் தள்ளி வைத்தார். "வடையை எடுங்கோ, ஆறப்போகுது."

"அக்கா, எடுத்துக் குடுங்கோ. அவருக்கு ஏலாமல் இருக்கு."

அவர் எடுத்தார். மூச்சுக்கு மருந்தடிக்கிற மெஷின். அண்ணை அதை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கனநேரம் அதன் சத்தம்தான் கேட்டது. பிறகு, "ஆக்கள் வரேக்க இதை மாட்டிக்கொண்டு இருக்கிறதோ?" என்றார், பகிடி சொல்கிற குரலில்.

"நான் ஆளோ அண்ணை? நான் உங்களுக்கு எதிர் மெஷினில நிக்கிறவன்."

அவர் மூக்கில் இருந்ததை எடுத்து மடியில் வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னார். தூசிக்கு ஏதாவது வழி செய்தால் திரும்ப வேலைக்குப் போகலாமாம். கம்பனியும் எவ்வளவு காலத்துக்கு இடத்தை வைத்திருக்கும் என்று சொல்லவில்லை. "திரும்ப வருவினமோ, ஜப்பான்காரர்?" என்று கேட்டார்.

"வருவினம்" என்றேன். எனக்குத் தெரியாது. சொன்னேன்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரைக்கும் என் பல்லு கடித்தபடியே இருந்தது. யார்மேல் கோபம் என்று எண்ணிப் பார்த்தால் ஒருவரும் மிச்சமில்லை. மனேஜர்மேல், ஜெர்மன்காரர்மேல், துணியை மட்டும் பார்த்து ஆளைப் பாராத அந்தப் பெரியவர்மேல், இருமாத அண்ணைமேல், அந்த அக்காமேல்கூட.

திங்கட்கிழமையில் இருந்து நான் மெஷினைத் துடைப்பதை நிறுத்தினேன். நடக்கிற பாதையைக் கூட்டுவேன், யாரும் வழுக்கி விழக்கூடாது. அதற்கு மேலே ஒன்றும் தொடமாட்டேன். என் மெஷினும், யாரும் வேலை செய்யாமல் நின்ற அண்ணையின் மெஷினும் கறுத்துக்கொண்டு வந்தன. மற்றவர்களுக்கு நல்ல பகிடி. "சாமியார் சவர்க்காரம் தொடமாட்டாராம், நேர்த்தி வைச்சிருக்கிறாராம்" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெர்மன்காரர் முதலில் சொன்னார், பிறகு ஏசினார், பிறகு மனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனார். மனேஜர் எச்சரிக்கை தந்தார். அடுத்த முறையும் இப்படி என்றால் வேலை போகும் என்றார். அப்படியே, அந்தப் பெரியவர் புது ஓடர் விஷயமாக மறுபடியும் வருகிறார் என்றும் சொன்னார். நான் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு எடுக்கலாமாம்.

வெளியே வந்ததும் ஜெர்மன்காரர், "விளங்கினதோ? வீட்டில நில்லும் எண்டுறார்" என்றார்.

"நான் வருவன்."

"உமக்கு விசரோ?"

பெரியவர் வருவதற்கு முந்தின ஞாயிறு மறுபடியும் எல்லாரும் சுத்தம் செய்ய வந்தார்கள். நானும் போனேன். ஒரு ஸ்டூலை எடுத்து அண்ணையின் மெஷினுக்கும் என்னுடையதுக்கும் நடுவில் போட்டு இருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஜெர்மன்காரர் வாளியும் துணியுமாக வந்தார், பின்னால் இரண்டு பேர்.

"எழும்பும்."

"இல்லை."

"ஐசே, எழும்பும் எண்டுறன்."

"அண்ணை வந்து துடைக்கட்டும்."

"அவர் எப்பிடி வருவார்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் ஏதோ பகிடி சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் ஜெர்மன்காரருடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணையின் மெஷினை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். அதன் கைபிடியில்கூடப் பூனை மயிர் மாதிரித் தூசி நின்றது. "இந்த மூலையை விடுங்கோ" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் வந்தபோது மனேஜர் அவரை எங்கள் பக்கம் கொண்டுவராமல் திருப்பத்தான் பார்த்தார். ஆனால் அந்த மனுசன் பார்க்கிற மனுசன். தானாகவே வந்தார். நேரே அண்ணையின் மெஷினுக்குப் போய்த் துணியை எடுக்காமல் வெறும் விரலை வைத்தார். விரல் மறைந்தது. மனேஜர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். சோம்பேறி என்று சொன்னார் என்பது எனக்கு விளங்கியது.

நான் எழும்பினேன். எனக்கு இருந்த இங்கிலீஸ் கொஞ்சம்தான். "இந்த மெஷினில் வேலை செய்ய ஆள் இல்லை" என்றேன். "குளிர் தொடங்கினதில் இருந்து ஓடவில்லை. இது என் மெஷினில் இருந்து வந்த தூசி. இதில் நின்ற மனுசன் நெஞ்சு வருத்தத்தோடு வீட்டில் இருக்கிறார். போன முறை நீங்கள் அவரிடம்தான் கேட்டீர்கள்." அந்தப் பெண் அதை ஜப்பான் மொழியில் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். பிறகு என் மெஷினை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பலமாக ஓட்டினேன். அவர் நின்று பார்த்தார், அவருடைய சட்டை கறுக்கும்வரைக்கும் நின்றார். மனேஜர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

புது எக்ஸ்ட்ராக்டர் வந்தது. மாரி முடிந்து வெயில் வந்த பிறகு வந்தது. அதற்கிடையில், இவ்வளவு காலம் வராத ஒருவருக்கு இடத்தை வைத்திருக்க ஏலாது என்று அண்ணையின் வேலையை முடித்துவிட்டார்கள். தேகநிலை காரணமாம். ஒரு கையில் எக்ஸ்ட்ராக்டருக்குக் கையெழுத்துப் போட்டார்கள், மறுகையில் அண்ணையை நிறுத்தக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டும் வெவ்வேறு ஒபிஸ், ஒன்றுக்கு மற்றது தெரியாது என்று ஜெர்மன்காரர் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

புது எக்ஸ்ட்ராக்டரைத் தொடங்குகிற நாளில் அவரே சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து புதுத் தகரத்தில் பொட்டு வைத்தார். தேங்காய் உடைக்க மனேஜர் விடவில்லை, நிலம் வழுக்குமாம். ஜெர்மன்காரர் என்னைக் கூப்பிட்டார். "நீர்தான் சுவிச்சைப் போடவேணும்" என்றார்.

"அண்ணையைக் கூப்பிடுங்கோ."

"கேட்டனான். ஸ்டாஃப் இல்லாத ஆளை உள்ள விடேலாதாம். இன்சூரன்ஸ்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

அவர் தானே போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் என் இடத்துக்குப் போய் முதல் கட்டியை வைத்து மெஷினை அழுத்தினேன். தூசி எழும்பியது. என் முகத்துக்கு வருகிற மாதிரி வந்து, நடுவில் வளைந்து, குழாய்க்குள் போய்விட்டது. இன்னொரு கட்டி வைத்தேன். அதுவும் போய்விட்டது. மூச்சு எடுத்தேன், தொண்டையில் ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்ன வேலையைத்தான் இத்தனை காலமாகச் செய்யாமல் வைத்திருந்தார்கள். அண்ணையின் மெஷினில் புதிதாக வந்த ஒருவர் நிற்கிறார், நல்ல மனுசன், என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் அடுத்த கட்டியை எடுத்தேன்.